சவப்பெட்டிமேல் ஒரு கோழிக்குஞ்சு

கைபிகான் தொலைத்தொடர்பு நிறுவனம் ரொசெந்தாவுக்கு நன்றி சொல்வதென்று முடிவு செய்த அன்றுதான் அவளுக்குத் தலைவலி ஆரம்பித்தது.

நன்றி குறுஞ்செய்தியாக வந்தது. பச்சோய் என்னும் நூடுல்ஸ் சூப்புக் கிண்ணங்களின் மேல் வறுத்த பூண்டைத் தூவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். அன்புள்ள நண்பரே, பத்தொன்பது ஆண்டுகளாக எங்களோடு இருக்கிறீர்கள், உங்கள் விசுவாசம் எங்கள் நெஞ்சைத் தொடுகிறது, உங்கள் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, இந்த மகிழ்ச்சியான தருணத்தில் தொலைபேசிக்கும் பிராட்பேண்டுக்கும் சேர்த்து நீங்கள் கட்டும் கட்டணத்தைப் பாதிக்கு மேல் உயர்த்தியிருக்கிறோம், புதுப்பித்தல் தானாகவே நடந்துவிடும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். கடைசியில் கோத்துப் பிடித்த இரண்டு கைகளின் படம் ஒன்று இருந்தது.

ஒன்றும் செய்ய வேண்டாம் என்று யாராவது சொன்னால் உடனே எதையாவது செய்தாக வேண்டும் என்பது ரொசெந்தாவின் பிறவிக் குணம்.

"நெஸ்தோர், இதக் கேளு. நம்ம விசுவாசம் அவங்க நெஞ்சத் தொடுதாம். அவங்க கை நம்ம மடியத் தொடுது."

அவள் கணவன் நெஸ்தோர் முப்பது வருடம் கப்பல்களில் சமையல்காரனாக இருந்துவிட்டு இப்போது சொந்தக் கடையில் பன்றி ஈரல் நறுக்குகிறவன். தலையை நிமிர்த்தாமல் சொன்னான்: "சோமாலியாப் பக்கம் எங்க கப்பல்ல ஏறினவங்களும் இதத்தான் செஞ்சாங்க. ஆனா மொதல்ல நன்றி சொல்லல."

இலோய்லோ நகரில் லாபாஸ் சந்தைக்குப் பக்கவாட்டில் இருக்கிறது அவர்களுடைய பச்சோய்க் கடை. அதற்கு நேர் எதிரே, அந்த வாரம்தான், கைபிகான் ஒரு ஊதா நிறக் கூடாரம் போட்டிருந்தது. கைபிகான் என்றால் நண்பன். கூடாரத்தின் நெற்றியில் ஒரு பேனர்: புதிய நண்பர்களுக்கு மட்டும்! பாதி விலை, இரட்டை வேகம், ரைஸ் குக்கர் இலவசம்! குக்கர்கள் கோபுரமாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ரொசெந்தா சாலையைக் கடந்தாள்.

"வாங்க மேடம், வாங்க! புது நண்பர் ஆகுங்க!" என்று ஊதாச் சட்டை போட்ட பெண் ஓடி வந்தாள். சட்டையில் கிளாரிபெல் என்று பெயர் குத்தியிருந்தது.

"எனக்கும் அதே வெல போட்டுக் குடும்மா. எதிர்க்கடைதான். ஏற்கெனவே உங்க ஆளுதான் நான்."

கிளாரிபெல்லின் சிரிப்பு கரண்டு போனதுபோல் அணைந்தது. "ஓ... பழைய நண்பரா? தப்பா நெனச்சுக்காதீங்க மேடம், பழைய நண்பர்கள் கூடாரத்துக்குள்ள நிக்கக் கூடாது."

"ஏன், நான் நின்னா நெழல் தேஞ்சிடுமா?"

"இல்ல மேடம். பழசும் புதுசும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கக் கூடாதுன்னு உத்தரவு. பேசினா வெலய ஒப்பிட்டுப் பாத்துடுவாங்க. அது நட்பக் கெடுத்துடும்னு பயிற்சியில சொல்லியிருக்காங்க."

ரொசெந்தாவுக்குக் கோபம் வரவில்லை. குழப்பம்தான் வந்தது. அவளுக்குத் தெரிந்த உலகம் முழுக்க சுகியால் ஆனது. சுகி என்றால் வெறும் வாடிக்கைக்காரன் இல்லை. நீ என்னை விட்டுப் போகமாட்டாய், நான் உன்னை ஏமாற்ற மாட்டேன் என்று வாயால் சொல்லிக்கொள்ளாமல் இரண்டு பேர் வைத்திருக்கும் உறவு. மீன்காரி தன் சுகிக்குச் செவுளைத் தூக்கிக் காட்டிவிட்டு நல்ல மீனைப் பையில் போடுவாள். இவள் கடையில் யார் வந்து உட்கார்ந்தாலும் இரண்டாம் முறை சூப் இலவசம். ஆனால் நல்லி எலும்பு சுகிக்கு மட்டும்தான். பழகப் பழக விலை குறையும், கிண்ணம் நிறையும். இதில் தலைகீழாக ஒருவன் வியாபாரம் செய்வான் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. மணிலாத் தலைமையகத்தில் யாரோ அவசரத்தில் பேனரை மாற்றி எழுதிவிட்டார்கள், எடுத்துச் சொன்னால் திருத்திக்கொள்வார்கள் என்று மனதார நம்பினாள்.

ஆகவே எடுத்துச் சொல்வதற்கு, கடையின் பழைய தொலைபேசியிலிருந்து அழைத்தாள்.

ஓர் இயந்திரப் பெண் பேசினாள். புது நண்பர் ஆக ஒன்றை அழுத்தவும், உடனே இணைக்கிறோம். பழைய நண்பரானால் ஒன்பதை அழுத்திவிட்டுக் காத்திருக்கவும். உங்கள் நட்பு விலைமதிப்பற்றது, ஆகவே அதை இழக்க விரும்பாமல் உங்களைத் தொடர்ந்து இணைப்பிலேயே வைத்திருக்கிறோம். பிறகு இசை ஆரம்பித்தது. செப்டம்பர் பிறந்தாலே அந்த நாட்டில் கிறிஸ்துமஸ் காலம் தொடங்கிவிடும், ஆகவே கிறிஸ்துமஸ் மணியோசை. ரொசெந்தா ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள். காலைக் கூட்டம் அந்த மெட்டுக்கு நூடுல்ஸை உறிஞ்சிவிட்டுப் போனது. மதியக் கூட்டம் அதை முணுமுணுத்துக்கொண்டே வந்தது. சாயங்காலம் ஒரு மனிதக் குரல் கேட்டபோது கடையே கைதட்டியது.

"கட்டணத்தக் கொறைக்கற அதிகாரம் எங்களுக்கு இல்ல மேடம். அது விசுவாசப் பிரிவோட வேல" என்றது குரல்.

"அப்ப விசுவாசப் பிரிவுக்குப் போடுப்பா. பத்தொம்போது வருச விசுவாசம் இங்க நிக்குது."

"அது முடியாது மேடம். விலகிப் போறவங்க மட்டும்தான் விசுவாசப் பிரிவுல பேசலாம்."

"விசுவாசமா இருக்கறவங்க?"

"அவங்க அங்க பேச ஒண்ணும் இல்லியே மேடம். அவங்கதான் இருக்காங்களே."

"சரி, நான் விலகறேன்னு வெச்சுக்க."

"விலகுனா உங்க தொலைபேசி எண் எங்ககிட்ட திரும்பி வந்துடும் மேடம். கொஞ்ச நாள் ஓய்வு குடுத்துட்டு, புது நண்பர் யாருக்காவது அன்பளிப்பாக் குடுத்துடுவோம்."

ரொசெந்தா ரிசீவரை வைத்தாள். கடைப் பெயர்ப் பலகையில் பெயரைவிடப் பெரிதாக எழுதியிருப்பது அந்த எண்தான். எதிர்க்கரை கிமாராஸ் தீவின் படகுக்காரர்களிலிருந்து ஆஸ்பத்திரி நர்சுகள்வரை, கல்யாணத்துக்கும் இழவுக்கும் பானை பானையாக பச்சோய் கேட்கிறவர்கள் எல்லோரும் அந்த எண்ணைத்தான் நெட்டுருப் போட்டு வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்து சாப்பிடும் கூட்டம் வாடகைக்குத்தான் காணும். அந்த எண்ணில் வரும் அழைப்புதான் சோறு. அது வேறொருவன் வீட்டில் அடித்தால், கடையைச் சாத்திவிட்டு நெஸ்தோர் இந்த வயதில் மறுபடி கப்பல் ஏற வேண்டியதுதான்.

"எண் மாறினா என்ன, புதுசா அச்சடிச்சுக்கலாம்" என்றான் நெஸ்தோர், ஆறுதலாக.

"கிமாராஸ்ல இருக்கற தொண்ணூறு வயசுக் கிழவன் மண்டைக்குள்ள போயி அச்சடிப்பியா?" என்றாள். அவன் ஈரலுக்குத் திரும்பினான்.

மறுநாள் விடியும்போதே ஒரு திட்டம் பிறந்திருந்தது. எந்த வியாபாரியும் முதல் போணியை மறுக்க மாட்டான். காலையில் வரும் முதல் ஆளை வெறுங்கையாக அனுப்பினால் அன்று முழுக்க வியாபாரம் படுத்துவிடும். சந்தையில் முதல் நோட்டை வாங்கிச் சரக்கின்மேல் தட்டித் தட்டி ஒற்றிக்கொள்ளாத கடைக்காரன் கிடையாது. எவ்வளவு பெரிய நிறுவனமானாலும் வியாபாரம் வியாபாரம்தானே? மால் திறப்பதற்கு முன்பே கைபிகான் அலுவலக வாசலில் போய் நின்றாள். காவலாளி சல்யூட் அடித்து, "போணிக்கா அக்கா? நல்லா வருவீங்க" என்று வாழ்த்திக் கதவைத் திறந்துவிட்டான்.

டோக்கன் இயந்திரம் புதியவரா பழையவரா என்று கேட்டது. உண்மையைச் சொன்னாள். அதுதான் தப்பு. புது நண்பர்களுக்கு சோபாவும் காப்பியும் இருந்தன. பழைய நண்பர்கள் நிற்பதற்குச் சுவர் இருந்தது. புது டோக்கன் ஒன்றுகூட இல்லாதபோதுதான் பழைய டோக்கனைக் கூப்பிடுவார்கள். முதல் ஆளாக வந்த ரொசெந்தா, கடைசி ஆளாக மேலாளர் கஸ்பாரின் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தாள். அவருடைய பதவியின் பெயர் வாடிக்கையாளர் மகிழ்ச்சி மேலாளர். மகிழ்ச்சி அவர் முகத்தில் ஒட்ட வைத்தபடி இருந்தது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எதிர்க் கூடாரத்தையும் குக்கரையும்கூட விடவில்லை. கஸ்பார் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்தார்.

"மேடம், உங்களப் பாத்தா எங்க அம்மா ஞாபகம் வருது. அதனால மனசத் தொறந்து பேசறேன். பொண்ணு கேட்டு அலையற காலத்துல ஒருத்தன் என்ன செய்வான்? பூ வாங்குவான். ஜன்னலுக்குக் கீழ நின்னு கித்தார் வாசிச்சுப் பாடுவான். மாமனார் வீட்டுக்கு வெறகு பொளப்பான். கல்யாணம் ஆனப்புறம்? சொந்தப் பொண்டாட்டி ஜன்னலுக்குக் கீழ எவனாவது நின்னு பாடுவானா? புது நண்பர்கள் நாங்க கேட்டு அலையற பொண்ணுங்க. நீங்க ஏற்கெனவே சரின்னுட்டீங்க மேடம். உங்களுக்கு எதுக்குப் பாட்டு?"

"எம் புருசன் பாட மாட்டான்தான். ஆனா கல்யாணம் ஆயி வருசமாச்சுன்னு எங்கிட்ட சோத்துக்குக் காசு கேட்டதில்ல."

"உவமைய ரொம்ப இழுக்கக் கூடாது மேடம்."

"சரி. அப்ப நான் உங்கள விட்டுப் போறேன். எண்ண மட்டும் குடுத்துடுங்க."

கஸ்பார் அதிர்ச்சியடைந்தவர்போல் நெஞ்சில் கை வைத்தார். "நம்ம நாட்டுல விவாகரத்து கெடையாதுங்கறத மறந்துட்டீங்களா? நாங்க நாட்டோட பண்பாட்ட மதிக்கற கம்பெனி. விலகணும்னா ரெண்டு அடையாள அட்டை, பிரியற காரணத்த எழுதி நோட்டரி கையெழுத்து, ஊர்த் தலைவர்கிட்ட நன்னடத்தைச் சான்று, அப்புறம் சமரசப் பேச்சுக்கு மூணு தடவ வரணும். எண் மட்டும் எங்களோட சீர். பிரிஞ்சாலும் அது உங்களோட வராது."

"இந்த எண்ண வெச்சுக்கிட்டு புது வெல வாங்க வழியே இல்லியா?"

"ஏன் இல்லாம? இருக்கே!" கஸ்பார் உற்சாகமாக ஒரு வண்ணப் படத்தை எடுத்துக் காட்டினார். வெள்ளை முடித் தாத்தா ஒருவர் மேகத்திலிருந்து கீழே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "மரபு நண்பர் திட்டம். சந்தாதாரர் காலமாயிட்டா, அதே எண் வாரிசுக்குப் போகும். வாரிசு புது நண்பர்! பாதி விலை, ரெட்டை வேகம், ரைஸ் குக்கர்."

"அதாவது நான் செத்தா எம் புருசனுக்குக் குக்கர்."

"ஆமா மேடம். எங்ககிட்ட ரொம்ப வரவேற்புள்ள திட்டம்."

இனிப் பேசிப் பயனில்லை என்று தெரிந்ததும் ரொசெந்தா சந்தையில் எல்லோரும் கடைசியாகச் செய்வதைச் செய்தாள். பையை எடுத்து மாட்டிக்கொண்டு, "வேணாம், விடுங்க" என்று எழுந்து நடந்தாள். மெதுவாகத்தான் நடந்தாள். அப்படித்தான் நடக்க வேண்டும். கூப்பிடுவதற்கு விற்பவனுக்கு அவகாசம் தரவேண்டும். சந்தையில் மூன்றாவது எட்டில் கூப்பிட்டுவிடுவார்கள். ஐந்தாவது எட்டில் கூப்பிடாத கருவாட்டுக்காரி ஒருத்தியை அவள் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. சோபாவைத் தாண்டினாள். காப்பி இயந்திரத்தைத் தாண்டினாள். செருப்பு வாரைச் சரி செய்வதுபோல் குனிந்து கொஞ்ச நேரம் நின்றாள். பின்னால் ஒரு குரலும் வரவில்லை. காவலாளி மட்டும் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

வாசலில் ஒரு திரை, எங்கள் சேவை எப்படி என்று கேட்டது. அழுத்துவதற்கு மூன்று முகங்கள் இருந்தன. மகிழ்ச்சி, மிக்க மகிழ்ச்சி, பெருமகிழ்ச்சி.

ஜீப்னி வண்டியில் வீடு திரும்பும்போது அவளுக்கு அழுகை வந்தது. கட்டணத்துக்காக இல்லை. பத்தொன்பது வருடமாக ஒரு மாதம் தவறாமல் கட்டியிருக்கிறாள். புயலில் வாரக்கணக்கில் இணைப்பு அறுந்து கிடந்தபோதுகூடப் பாவம் அவர்களும் என்ன செய்வார்கள் என்று கட்டியிருக்கிறாள். அதற்கு ஒரு குரல், 'அக்கா, கொஞ்சம் நில்லுங்க' என்று ஒரே ஒரு குரல் கொடுத்தால் குறைந்தா போய்விடுவார்கள்? சந்தை நிறுத்தம் வருவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இறங்கியபோது அவள் மூக்கு விடைத்திருந்தது. நெஸ்தோருக்கு அந்த மூக்கு தெரியும். கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

"நான் சாகப் போறேன்" என்றாள்.

"எப்ப?"

"நாளைக்குக் காலையில. தேபான் அண்ணனக் கூப்பிடு."

தேபான் அடுத்த தெருவில் ஈமச் சடங்கு நிலையம் நடத்துகிறவர். தினம் பத்து மணிக்கு வந்து கல்லாவுக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து பச்சோய் சாப்பிடுவார். நல்லி அவருக்குக் கேட்காமலே வரும். விஷயத்தைச் சொன்னதும் சூப்பைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார்.

"ஒனக்கு எதுக்கும்மா காசு? நீ என் சுகி. மொதச் சாவு ஃப்ரீ. கடையில காட்சிக்கு வெச்சிருக்கற பெட்டி இருக்கு, கண்ணாடி மூடியோட. கீறல் விழாமத் திருப்பிக் குடுத்துடு."

"ஆளு யாருன்னு கேட்டா என்ன சொல்ல?" என்றான் நெஸ்தோர்.

"பழைய வாடிக்கைக்காரி செத்துப் போனா. அவ்ளோதான். பொய்யா என்ன?" என்றாள் ரொசெந்தா.

மறுநாள் காலை கடைக்கு முன்னால் தார்ப்பாய்ப் பந்தல் எழும்பியது, ஊதாக் கூடாரத்தைப் பார்த்தபடி. லாபாஸில் இழவுப் பந்தலுக்காகப் பாதிச் சாலையை அடைப்பதை யாரும் கேட்பதில்லை. பந்தலுக்குள் விளக்குகள், மலர்ச்சட்டங்கள், நடுவில் வெள்ளைப் பெட்டி. பெட்டிக்குள் பட்டுத் துணியில், சூப்புக் கறை படிந்த அந்தப் பழைய தொலைபேசி படுத்திருந்தது. அதன் வயர் பெட்டியின் ஓரமாக இறங்கி, சாலையோரமாக ஊர்ந்து கடைக்குள் போயிற்று. செத்தாலும் ஆர்டர் வர வேண்டுமே.

பெட்டியின் கண்ணாடிமேல் ரொசெந்தா ஒரு கோழிக்குஞ்சை விட்டிருந்தாள்.

அதைப் பார்த்ததும் வந்தவர்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். தானாகச் செத்தவர் பெட்டிமேல் குஞ்சு விடுவதில்லை. கொலையுண்டவருக்குத்தான் விடுவார்கள். அது அரிசியைக் கொத்தும் ஒவ்வொரு கொத்தும் கொன்றவன் மனசாட்சியில் விழும். அந்தக் குஞ்சு அரிசியைக் கொத்தும், தலையைத் தூக்கும், எதிர்க் கூடாரத்தைப் பார்க்கும். அது தற்செயல்தான். ஆனால் கூடியிருந்தவர்களும் ஒவ்வொரு முறையும் சேர்ந்து திரும்பிப் பார்த்தார்கள்.

இழவென்றால் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஊர்த் தலைவரே வந்து சீட்டு மேஜையில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஊரில் காவலர்கள் பார்த்தும் பாராமல் போகிற சூதாட்டம் இழவு வீட்டுச் சூதாட்டம் ஒன்றுதான். பிஸ்கட்டும் காப்பியும் சுற்றி வந்தன. வயதான பெண்கள் செபமாலை சொன்னார்கள். இழவு வீட்டிலிருந்து யாரும் நேராக வீட்டுக்குப் போகக் கூடாது, போனால் சாவு கூடவே வந்துவிடும். வழியில் எங்காவது ஏறி இறங்கி உதறிவிட்டுத்தான் போக வேண்டும். மிக அருகில் இருந்த இடம் ரொசெந்தாவின் கடை. நெஸ்தோர் இரண்டாம் பானையை ஏற்றினான்.

கூடாரத்தின் நிலைமைதான் பரிதாபம். இழவுக்கு எதிரே நின்று எவனாவது புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவானா? நல்ல காரியமாக அந்தப் பக்கம் வந்தவர்கள் குஞ்சைப் பார்த்ததும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்கு நகர்ந்தார்கள். குக்கர் கோபுரம் குறையவே இல்லை. கிளாரிபெல் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பிறகு, வேறு வழி தெரியாமல், தலைமையகத்துக்குத் தகவல் அனுப்பினாள்: எதிர்க்கடை வாடிக்கையாளர் மரணம், விற்பனை இல்லை.

தலைமையகத்து இயந்திரம் உடனே வேலை செய்தது. ரொசெந்தாவின் கைபேசி ஒலித்தது. அவள் பந்தலில் எழுந்து நின்று எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாள். "அன்புள்ள ரொசெந்தா, உங்கள் மறைவை அறிந்து மிகவும் வருந்துகிறோம். எங்கள் இரங்கல் உங்களுக்குப் பிடித்திருந்ததா? ஒன்று முதல் ஐந்துக்குள் மதிப்பெண் தரவும்."

"ரெண்டு போடு. ஆளு நேர்ல வரல" என்றார் தேபான்.

ஆளும் நேரில் வந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம், கஸ்பார் ஒரு பெரிய மலர்ச்சட்டத்தோடு காரிலிருந்து இறங்கினார். கிளைத் திறப்பு விழாக்களுக்கு வழக்கமாகச் செய்து வைத்திருப்பது போலிருக்கிறது. நாடாவில் 'வெற்றி தொடரட்டும்' என்று எழுதியிருந்தது. அதைப் பெட்டியருகே சாய்த்துவிட்டு நிமிர்ந்தவர், குஞ்சைப் பார்த்தார். குஞ்சும் அவரைப் பார்த்தது. கண்ணாடிமேல் டொக்டொக்கென்று இரண்டு கொத்து கொத்திவிட்டு, நேராக அவரை நோக்கி நடந்து வந்து பெட்டி விளிம்பில் நின்று கத்தியது. செபமாலை நின்றது. சீட்டு மேஜையில் ஒருவன் போட வேண்டிய சீட்டைப் போடாமல் பிடித்துக்கொண்டான்.

கஸ்பாரும் இந்த ஊரில் பிறந்தவர்தான். கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். "மேடம், நான் யாரையும்... நான் வெறும் மேலாளர்."

"நான் ஒண்ணும் சொல்லலியே. குஞ்சுதான் சொல்லுது" என்றாள் ரொசெந்தா.

"இத எடுத்துடுங்க மேடம். மரபு நண்பர் திட்டத்துல போட்டுக் குடுத்துடறேன். இறப்புச் சான்றிதழ் மட்டும் வேணும்."

"உங்க கம்பெனியே இரங்கல் அனுப்பியிருக்கு. அதவிடச் சான்றிதழா?"

கஸ்பார் மணிலாவுக்கு அழைத்தார். பதற்றத்தில் கை தவறி ஒலிபெருக்கிப் பொத்தான் அழுந்திவிட்டது. இயந்திரப் பெண் அவரை வரவேற்றாள். புது ஊழியரானால் ஒன்றை அழுத்தவும். பழைய ஊழியரானால் ஒன்பதை அழுத்திவிட்டுக் காத்திருக்கவும், உங்கள் உழைப்பு விலைமதிப்பற்றது. பிறகு கிறிஸ்துமஸ் மணியோசை ஆரம்பித்தது. பந்தலில் இருந்த பாதிப் பேருக்கு அந்த மெட்டு தலைகீழ்ப் பாடம். யாரோ மேஜையில் தாளம் போட, எல்லோரும் சேர்ந்து முனகினார்கள். கஸ்பார் நடுவில் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். அவருக்கு எத்தனை வருட வேலை என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் அவர் முகத்தில் முதல்முறையாக மகிழ்ச்சி இல்லை. அந்த முகம் பார்க்கத் தேவலையாக இருந்தது.

கடைசியில் அவரே இணைப்பைத் துண்டித்தார். குரலைத் தாழ்த்தி, "மேடம், உண்மையச் சொல்லிடறேன். வெலயக் கொறைக்கற அதிகாரம் எங்கிட்டயே இருக்கு. வெளிய போற நண்பருக்குக் கடைசி நொடியில குடுக்கறதுக்குன்னு. யாருக்கும் சொல்லக் கூடாது" என்றார்.

பந்தல் முழுக்க அதைக் கேட்டது.

"அப்ப அன்னிக்கு நான் எந்திரிச்சுப் போனேனே. கதவு வரைக்கும் போனேனே. ஏன்யா ஒரு வார்த்த கூப்பிடல?" ரொசெந்தாவின் குரல் உடைந்தது. அவளுக்கே அது பிடிக்கவில்லை.

"நீங்க ரொம்ப மெதுவா நடந்தீங்க மேடம். நெஜமா விட்டுப் போறவங்க வேகமாப் போவாங்களாம். மெதுவா நடக்கறவங்க எங்கயும் போக மாட்டாங்க, அவங்களுக்குச் செலவு பண்ணாதீங்கன்னு பயிற்சியில சொல்லிக் குடுத்திருக்காங்க."

ரொசெந்தா மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"நல்லது. இப்பப் பேசலாம். புது ஆளுங்க வெல. அதே எண். ஒரு குக்கர்."

"பழைய வெலயிலயே வெச்சுக்கலாம் மேடம். எண் உங்களுக்கே. குக்கர் மட்டும் முடியவே முடியாது, அது வேற பிரிவு."

"தேபான் அண்ணே! பெட்டிய மூடுங்க. தோள் குடுக்க ஆறு பேர் வாங்க. ஊர்வலம் மால் வரைக்கும் போகுது. மாடியில இவரு மேஜைக்குப் பக்கத்துல எறக்கி வெச்சு அங்கயே செபம் சொல்லுவோம்!"

சொல்லிவிட்டு நடந்தாள். இந்த முறை மெதுவாக இல்லை. ஐம்பத்தைந்து வயதில், ரப்பர் செருப்பில், பாவாடையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஜீப்னி ஓட்டிகள் வழிவிடும் வேகத்தில் நடந்தாள். பின்னால் பெட்டி தோளேறியது, தொலைபேசி வயரும் கடையிலிருந்து நீண்டுகொண்டே கூட வந்தது. ஊர்த் தலைவர் சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சேர்ந்துகொண்டார். குஞ்சு பெட்டிமேல் தள்ளாடிக்கொண்டு வந்தது.

"மேடம்!" என்றது பின்னால் ஒரு குரல். அவள் நிற்கவில்லை. "மேடம், மேடம்! கொஞ்சம்..." காலடிகள் ஓடி வந்தன. "அக்கா! அக்கா, நில்லுங்க அக்கா! சரி! சரிங்கறேன்ல! குக்கரும்தான்!"

ரொசெந்தா சந்தை வழக்கப்படி இன்னும் ஐந்து எட்டு நடந்துவிட்டுத் திரும்பினாள்.

ஒப்பந்தத்தை வைத்து எழுதச் சாலை நடுவில் வேறு மேஜை இல்லாததால், இறக்கி வைத்த பெட்டியின் மூடிமேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். அதே எண், புது விலை. கிளாரிபெல் தானே சாலையைக் கடந்து ஒரு குக்கரைக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போது, "எங்கம்மாவும் பழைய நண்பர்தான் அக்கா. குஞ்சக் கொஞ்சம் கடனாத் தருவீங்களா?" என்று காதோடு கேட்டாள்.

கஸ்பார் பேனாவை மூடினார், குனிந்து வணங்கினார், பயிற்சி பெற்ற வாய் தானாகத் திறந்தது: "கைபிகானைத் தேர்ந்தெடுத்ததற்கு மிக்க நன்றி!"

அய்யோ என்றது கூட்டம். இழவு வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. சொன்னால் அடுத்த பெட்டி சொன்னவன் வீட்டுக்கு. கிழவிகள் சிலுவைக் குறி போட்டார்கள். தேபான் கஸ்பாரை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார், உயரம் எவ்வளவு என்று. கஸ்பார் வெளிறிப்போனார். வீட்டில் மனைவியும் குழந்தைகளும் இருக்கிறார்கள். நேராகப் போகவே முடியாது. உதறியாக வேண்டும்.

அந்த நேரத்தில் பெட்டிக்குள் தொலைபேசி அடித்தது. நெஸ்தோர் மூடியைத் தூக்கிக் கையை விட்டு எடுத்தான். "ஆமா, லாபாஸ் கடைதான். ஆமா, அதே எண்தான், வேற எந்த எண்? எத்தன பானை?" என்று கேட்டுக்கொண்டே மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தான். கிமாராஸ் கிழவனுக்குப் பேத்தி கல்யாணம்.

கஸ்பார் கடைக்குள் ஒரு ஓர முக்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். ரொசெந்தா அவருக்கும் ஒரு கிண்ணம் வைத்தாள். பசியோடு சாப்பிட்டார். சூப் தீர்ந்ததும் கேட்காமலே ஊற்றினாள், அது எல்லோருக்கும் உண்டு. பக்கத்தில் தேபானின் கிண்ணத்தில் புகை பறக்க ஒரு நல்லி எலும்பு வந்து இறங்கியது. அவர் அதைத் தட்டி உறிஞ்சுவதை கஸ்பார் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அக்கா, எனக்கும் அந்த நல்லி..."

"அது பழைய ஆளுங்களுக்கு. நீங்க இன்னிக்குத்தான் வந்திருக்கீங்க."

"எத்தன வருசம் வந்தா கெடைக்கும்?"

ரொசெந்தா கரண்டியைப் பானை விளிம்பில் தட்டி வைத்தாள்.

"வந்துக்கிட்டே இருங்க. காலம் வந்ததும் நானே மெசேஜ் அனுப்பறேன். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்."